துணைவருக்கு ஏடிஎச்டி இருக்கலாம் என்று எதை வைத்துச் சந்தேகிப்பது?

சொன்னதை மறந்துவிடுகிறார், தொடங்கியதை முடிப்பதில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் எங்கோ போய்விடுகிறது, இது அலட்சியமா, ஏடிஎச்டி (ADHD) எனப்படும் கவனக்குறைவு-மிகைத்துடிப்புக் குறைபாடா என்று உங்கள் கணவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கணவருக்கு நாற்பது வயதை நெருங்கும்போதுதான் இது ஏடிஎச்டி என்று உறுதியானது. நான் மருத்துவர் அல்ல. கூட வாழ்பவர் எதைக் கவனிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, இந்த மறதி உங்கள் காரியங்களில் மட்டும் வருகிறதா, அவருடைய சொந்தக் காரியங்களிலும் வருகிறதா என்பதுதான். நீங்கள் வாங்கி வரச் சொன்னதை மட்டும் மறந்துவிட்டு, நண்பர்களோடு போட்ட திட்டத்தில் துளியும் பிசகாதவர் என்றால் உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் வேறு. என் கணவர் மின் கட்டணம் கட்ட மறந்து வீடு இருண்டதும் உண்டு; தான் வெகுநாள் ஆசைப்பட்ட பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தை முழுவதும் நிரப்பி வைத்துவிட்டு, அனுப்ப வேண்டிய கடைசி நாளைத் தவறவிட்டு, அன்றிரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததும் உண்டு. தனக்கே நட்டம் என்று தெரிந்தும், வருந்தியும், மறுபடி அதே இடத்தில் ஒருவர் சறுக்குகிறார் என்றால் அதை அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பலரைக் குழப்புவது இதன் மறுபக்கம். பழுதான மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் இரவு இரண்டு மணியானாலும் எழாதவருக்கா கவனக்குறைவு என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். பிடித்ததில் இப்படி மூழ்கிப்போவதும் ஏடிஎச்டி உள்ள பலரிடம் காணப்படுவதே. கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், அங்கே தேவையான நேரம் நிறுத்திவைப்பதும்தான் அவர்களுக்குக் கடினம். சிறுவர்களைப் போல ஓடியாடும் துறுதுறுப்பைப் பெரியவர்களிடம் தேடாதீர்கள். காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, வரிசையில் நிற்க முடியாத தவிப்பு, நீங்கள் முடிப்பதற்குள் உங்கள் வாக்கியத்தைத் தானே முடிப்பது, யோசிக்காமல் பணத்தைச் செலவழிப்பது என்று அது வேறு உருவத்தில் வரும். பெண்களிடம் இவையும் வெளியே அதிகம் தெரியாமல் போவதால், மனைவியைப் பற்றி இதே கேள்வி கேட்கும் கணவர்கள் இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, இளம்வயது. 2013-இல் வெளியான, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 (DSM-5) அளவுகோலின்படி, 17 வயது நிறைந்தவரிடம் கவனக்குறைவு சார்ந்த 9 அறிகுறிகளிலோ, மிகைத்துடிப்பு சார்ந்த 9 அறிகுறிகளிலோ குறைந்தது 5 அறிகுறிகள், 6 மாதங்களாவது, வீடு, அலுவலகம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட்டு, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கவும் வேண்டும். மாமியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, "வீட்டுப்பாடத்தை எழுதி முடித்துவிட்டு நோட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போவான்" என்றார். எனக்கு அந்த ஒரு வரி நிறையச் சொன்னது.

மாறாக, இந்த மாற்றம் ஓரிரு ஆண்டுகளாகத்தான் என்றால் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு கோளாறு, குடிப்பழக்கம், குறட்டையோடு மூச்சு தடைப்பட்டுத் தூக்கம் கெடுவது ஆகிய எல்லாமே இதே போன்ற மறதியைக் கொடுக்கும்.

பெரியவர்கள் தங்களிடம் ஏடிஎச்டி அறிகுறிகள் உள்ளனவா என்று தாங்களே பார்க்க உதவும், உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் (ASRS) வினாத்தாளில் 18 கேள்விகள் உள்ளன. முதல் 6 கேள்விகளே முதற்கட்டச் சோதனைக்குப் போதும். அதை அவரே நிரப்ப வேண்டும், அவருக்காக நீங்கள் நிரப்பக் கூடாது. விடை எப்படி வந்தாலும் அது நோயறிதல் ஆகாது.

தயவுசெய்து இந்தப் பெயரைச் சண்டையின் நடுவே எடுக்காதீர்கள். ஒருமுறை வசவாகக் காதில் விழுந்துவிட்டால், பிறகு அவர் மருத்துவரிடம் வர மாட்டார். அவர் எதில் தவிக்கிறார் என்று நீங்கள் பார்த்ததை, இருவரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெதில்பெனிடேட் போன்ற மருந்துகளைத் தொடங்கும் முன் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பற்றி விசாரிப்பார்கள். முதல் சந்திப்புக்கு, அவர் சம்மதித்தால், நீங்களும் உடன் செல்லுங்கள். பழைய பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய குறிப்பு ஏதும் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.