திரும்பி வந்தவை எவை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெர்மியன் காலப் பேரழிவுக்குப் பின்னும் பவளத்திட்டுகள் மீண்டதாகப் படித்தேன். அழிவுக்குக் காரணம் எரிமலையா, விண்கல்லா? மீள எவ்வளவு காலம் ஆனது? அப்போதே மீண்டவை என்றால், இன்று பவளங்கள் வெளுப்பதற்கு இவ்வளவு கலங்க வேண்டுமா? இயற்கை தன்னைச் சரிசெய்துகொள்ளாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விண்கல்லை விட்டுவிடுங்கள். சைபீரிய எரிமலைகள் கக்கிய கரியமில வாயு கடலைச் சூடாக்கியது, அமிலமாக்கியது, ஆக்சிஜனைக் குறைத்தது. அது போதும்.

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. சில நாட்களாக மனதில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. மீண்டன என்கிறீர்களே, எவை மீண்டன? 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் ரூகோசா, டாபுலேட்டா என்ற இரு பெரும் பவள வகைகளும் அடியோடு அழிந்தன. கல்லூரியில் ஒரு பேராசிரியர் ரூகோசாவின் புதைபடிவத்தை என் உள்ளங்கையில் வைத்தார். சிறிய மாட்டுக்கொம்பு போன்ற கல். அதன் உட்தகடுகள் நான்கு பகுதிகளாகப் பிரிந்து வளர்ந்திருப்பதைக் காட்டினார். இன்றைய பவளங்களில் தகடுகள் ஆறின் மடங்காக அமைகின்றன. ரூகோசா கால்சைட்டால் கட்டியது, இவை அரகோனைட்டால் கட்டுகின்றன; இரண்டும் சுண்ணாம்பின் வெவ்வேறு படிக வடிவங்கள். இது வேறு உயிர், வேறு கட்டுமானம். குடும்பமே மாண்ட வீட்டில் வேறொருவர் குடியேறினால், குடும்பம் மீண்டது என்பீர்களா? ரூகோசா திரும்பவில்லை. ஒன்றுகூடத் திரும்பவில்லை. கட்டுரைகள் இதை ஒரே வரியில் கடந்துபோகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அழிவுக்குப் பின் முதலில் கட்டியவை நுண்ணுயிர்கள். சுமார் 15 லட்சம் ஆண்டுகளில், இன்றைய மேற்கு அமெரிக்கா இருக்கும் பகுதியில், கடற்பஞ்சுகளும் அவற்றோடு சேர்ந்து சிறு திட்டுகள் எழுப்பின. இன்றைய வகைப் பவளங்களோ, பெர்மியனை அடுத்து வந்த டிரயாசிக் காலத்தின் நடுவில்தான் தென்படுகின்றன. கடற்சாமந்தி போன்ற, ஓடில்லாத மூதாதைகளிடமிருந்து அவை வந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். 2007இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்றில், அமிலத்தன்மை கூடிய நீரில் வளர்த்த பவளங்கள் எலும்புக்கூட்டை இழந்து வெற்றுடலாக வாழ்ந்தன. பழைய நீருக்குத் திரும்பியதும் மறுபடி கட்டத் தொடங்கின. படித்தபோது கண் கலங்கியது. அந்த உயிர்களின் உறுதியை நம் சோம்பலுக்குச் சாக்காக எடுக்காதீர்கள்.

காலத்தைக் கேட்டிருந்தீர்கள். பவளங்கள் மறுபடி தலைகாட்டவே பல பத்து லட்சம் ஆண்டுகள். பெரும் திட்டுகள் எழ, ஒரு கோடி ஆண்டு அளவில். நம் மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம்.

இன்னொன்று. தன்னுள் வாழ்ந்து உணவூட்டும் பாசிகளை வெப்பத்தால் இழந்து வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் அதனுள் பெருகி, அது பிழைத்துக்கொள்ளும். அந்த மீட்சி உங்கள் ஆயுளுக்குள் நடப்பது. அதைப் பற்றிக் கேளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுகிறேன்.