தம்பி பெயரில் வந்த பாடல்கள்

கேள்வி: ஜெர்மன் இசைமேதை ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் தமக்கையும் இசை இயற்றியவராமே, அவர் ஏன் அறியப்படவில்லை? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: 1805இல் ஹாம்பர்க்கில் பிறந்த ஃபேனி, தம்பிக்கு இணையாகப் பயிற்சி பெற்றவர். ஆனால் இசை அவனுக்குத் தொழிலாகலாம், உனக்கு அணிகலனே என்று தந்தை 1820இல் எழுதிவிட்டார். ஃபேனியின் ஆறு பாடல்கள் தம்பியின் பெயரிலேயே அச்சேறின. 1842இல் விக்டோரியா மகாராணி தமக்குப் பிடித்த 'இத்தாலி' என்னும் பாடலைப் பாடிக்காட்டியபோது, அது தமக்கை இயற்றியது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. (அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம், அதற்கு முன் காத்த மௌனத்துக்காக அல்ல.) 1846இல்தான் ஃபேனி தம் பெயரில் பதிப்பிக்கத் துணிந்தார், மறு ஆண்டே, 41 வயதில், ஒத்திகையின்போது பக்கவாதம் தாக்கி இறந்தார்.

நானூறுக்கும் மேற்பட்ட அவருடைய ஆக்கங்களில் பெரும்பகுதி கையெழுத்துப் பிரதியாகவே தங்கிவிட்டது. தியாகராஜரின் கீர்த்தனைகளை ஏட்டில் எழுதிக் காத்த வேங்கடரமண பாகவதர் உங்கள் ஊருக்கு வாய்த்தார். ஃபேனிக்கு அப்படியொரு சீடர் அமையவில்லை. தம்பியுடையது என்று கருதப்பட்ட 'ஈஸ்டர் சொனாட்டா' என்னும் பியானோ ஆக்கம் ஃபேனியுடையது என்று 2010இல் நிறுவப்பட்டு, 2017இல் லண்டனில் அவர் பெயரிலேயே வாசிக்கப்பட்டது.