நூறு வரை சொல்கிறாளா என்பதை விடுங்கள், நாலு எடுத்துத் தருகிறாளா?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி. 14க்கு அப்புறம் 16, 19 என்று தாவுகிறாள். விரல் மடக்கித்தான் எண்ணுகிறாள், 3ஐயும் 7ஐயும் திருப்பிப் போடுகிறாள். சின்ன வயதில் எண் வராத பிள்ளைக்குக் கடைசி வரை கணக்கு வராது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என் கணவருக்கும் கணக்கு வராது. இது டிஸ்கால்குலியாவா, அதாவது கணக்கில் வரும் கற்றல் குறைபாடா? ஞாபகசக்தி சிரப் கொடுத்து வருகிறேன். அபாகஸிலும் சேர்க்கலாமா?

பதில்: முதலில் அந்த சிரப்பை நிறுத்துங்கள். கணக்கு வரவைக்கும் மருந்து என்று ஒன்று இருந்திருந்தால் எங்கள் வாத்தியார்கள் எங்களுக்கே ஊற்றியிருப்பார்கள். எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குறைவாக இருந்தால் டாக்டர் எழுதித் தரும் இரும்புச்சத்து மருந்துக்கு அர்த்தம் உண்டு.

விரல் மடக்குவது நல்லது, தடுக்காதீர்கள். எண்ணைத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரைகூட சகஜம். 14க்கு மேல் தாவாத எல்கேஜி பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வீடியோ சொன்னது பாதி உண்மை, அதனால்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. 2007ல் கிரெக் டங்கன் என்ற ஆய்வாளரின் குழுவினர், பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆறு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பள்ளியில் சேரும் வயதில் இருக்கும் எண்ணறிவுதான் பிற்காலப் படிப்போடு எல்லாவற்றையும்விட நெருக்கமாக ஒத்துப்போனது. ஆனால் அது ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரி, உங்கள் மகளின் ஜாதகம் இல்லை. அப்புறம், எண்ணறிவு என்றால் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பது இல்லை, அது பாட்டு மாதிரி மனப்பாடம். "நாலு" என்றால் எத்தனை என்று புரிகிறதா என்பதுதான் விஷயம்.

அதை இன்றைக்கே பார்த்துவிடலாம். பத்துப் புளியங்கொட்டையை முன்னால் வைத்து (மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருங்கள், அதை எடுப்பதும் டாக்டர்களான எங்கள் வேலைதான்) "அம்மாவுக்கு நாலு கொடு" என்று கேளுங்கள். கூட எண்ணாதீர்கள், கண்ஜாடையும் வேண்டாம். சரியாக நாலு எடுத்துத் தந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரையிலிருந்து நாலரைக்குள் இது பிடிபட்டுவிடும். கையில் வந்ததை அள்ளிக் கொடுத்தால் திட்டாதீர்கள், சில மாதம் விளையாட்டாகப் பழக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். ஐந்து வயது முடிந்த பிறகும், வாயால் இருபது வரை சொல்லிக்கொண்டே, நாலு கேட்டால் அள்ளித்தான் தருகிறாள் என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்துக்குள் நான் தேடியது இந்த ஒரு அறிகுறியைத்தான், அதைப் பற்றி மட்டும் நீங்கள் எழுதவே இல்லை. வந்தால் முதலில் காது, கண் பரிசோதனை. அடிக்கடி சளி பிடித்து காதுக்குள் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குச் சொல்வது பாதிதான் கேட்கும், அதை நாம் மந்தம் என்று நினைத்துக்கொள்வோம். பிறகு பேச்சு, வளர்ச்சி மதிப்பீடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

டிஸ்கால்குலியா என்ற முத்திரையை இந்த வயதில் யாரும் குத்த முடியாது, அரசு விதிப்படி சான்றிதழே எட்டு வயதில்தான். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கணவருக்குக் கணக்கு வராமல் போனதற்கு மூளை காரணமா, பிரம்போடு நின்ற வாத்தியார் காரணமா, யார் கண்டது?

அபாகஸ் இப்போது வேண்டாம். 1 முதல் 10 வரை கட்டம் போட்ட அட்டையில் காய் நகர்த்தும் விளையாட்டை, இரண்டு வாரத்தில் கால் கால் மணி நேரமாக நாலே தடவை விளையாடிய அமெரிக்கப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்ணறிவு கூடியதை சீக்லர், ரமணி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2008ல் காட்டினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அட்டையில் விளையாடியவர்களுக்குக் கூடவில்லை. வீட்டில் பரமபத அட்டையின் கீழ் இரண்டு வரிசை போதும். ஒரே ஒரு விதி: காய் 5ல் இருந்து தாயக்கட்டையில் 2 விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது, கட்டத்தில் இருப்பதைப் பார்த்து "ஆறு, ஏழு" என்று சொல்லித்தான் நகர்த்த வேண்டும். கணவரையும் சேர்த்து உட்கார வையுங்கள்.