‘ஆச்சி கேட்டா தோசைன்னு சொல்லு!’

அன்புள்ள மேடம்,

என் வயது 34. தாம்பரம் பக்கத்தில் குடியிருக்கிறோம். தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் லேப் டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் ஆறு மணிக்கெல்லாம் நான் வண்டியை எடுத்தாக வேண்டும். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ஒரே பையன், இரண்டாம் வகுப்பு படிக்கிறான். எட்டேகாலுக்கு வேன் வரும்வரை கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்.

பிரச்சினை சாப்பாடுதான் மேடம். பையனுக்குக் காலையில் பெரும்பாலும் நூடுல்ஸ், இல்லையென்றால் கார்ன்பிளேக்ஸ், பிரெட் ஜாம். மதியத்துக்கு முடிந்தவரை எலுமிச்சை சாதம், தக்காளி சாதம் என்று ஏதாவது கிளறிக் கட்டிவிடுவேன். முடியாத நாளில் டிபன் பாக்ஸிலும் நூடுல்ஸ்தான். ராத்திரிக்கு பாக்கெட் சப்பாத்தி, கடை மாவு இருந்தால் தோசை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இதற்கே நான் காலையில் நாலரைக்கு எழுந்திருக்கிறேன்.

மாமியார் திருநெல்வேலியில் இருக்கிறார். தினமும் ராத்திரி வீடியோ கால் வரும். ‘பிள்ள என்ன சாப்ட்டான்?’ என்பதுதான் முதல் கேள்வி. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ‘பச்சப்புள்ளைக்கு ரெண்டு தோச சுட்டுக் குடுக்க நேரமில்லாம அப்படி என்ன கலெக்டர் வேலையா பாக்கா?’ என்று நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். நாத்தனார் அதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார். நூடுல்ஸில் ஈயம் இருக்கிறது, கவர்மென்ட்டே தடை பண்ணியது என்று அத்தை இன்னும் ஃபார்வர்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவர் ஊரிலிருந்து வரும்போது அல்வாவும் மிக்சரும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் மூட்டையாக வரும். அதைப் பையன் நாள் முழுக்கத் தின்றாலும் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது.

எதிர்வீட்டுப் பெண் வேலைக்குப் போகவில்லை. கேழ்வரகு இடியாப்பம், தினை லட்டு என்று தினமும் ஸ்டேட்டஸ் போடுவார். வேறு வேலை இல்லை. லிப்டில் பார்த்தால், ‘தம்பி ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கான்?’ என்பார். என்னைப் பெற்ற அம்மாவே, ‘உன்ன நான் இப்படியா வளத்தேன்?’ என்று கேட்டுவிட்டார். அம்மா வேலைக்குப் போனதில்லை மேடம்.

ஸ்கூலிலும் இதே கதைதான். போன வாரம் டைரியில் மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். பையன் டிபன் பாக்ஸ் மூடியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் குனிந்து சாப்பிடுகிறானாம். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் மூடிவிடுகிறானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏதோ நான் கொடுக்கக்கூடாததைக் கொடுத்து அனுப்பிய மாதிரி! அன்றைக்கு அவன் கொண்டுபோனது நான் என் கையால் செய்த எலுமிச்சை சாதம், அவித்த முட்டை. அதை ஏன் அவன் மறைக்கப் போகிறான்? மிஸ்ஸுக்கும் என்னைக் குறை சொல்ல ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடியும் அத்தையிடமே வருகிறேன். இந்த போன் கால் தொல்லை தாங்க முடியாமல், ‘ஆச்சி கேட்டா தோசைன்னு சொல்லிடு’ என்று பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவனும் சமர்த்தாகச் சொல்லிவிடுவான். இப்போதெல்லாம் நான் சொல்லிக் கொடுக்காமலே, தேங்காய்ச் சட்னி என்றும் சேர்த்துச் சொல்கிறான். அப்படியும் அத்தைக்குச் சந்தேகம் போகவில்லை. கீழ்வீட்டு அக்காவுக்கே போன் போட்டு விசாரிக்கிறார். இது நியாயமா? என் கணவர் நல்லவர், எதிலும் தலையிட மாட்டார்.

நான் சம்பாதிக்காவிட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது? இவர்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புச் சகோதரி,

நாலரைக்கு எழுந்து, கலந்த சாதம் கட்டி, ஆறு மணிக்கு வண்டியை எடுத்து, அதற்குப் பிறகு நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற ஒரு பெண்ணிடம், ‘தோசை சுட நேரமில்லையா?’ என்று கேட்பது கொடுமைதான். உங்கள் மாமியாருக்கும், நாத்தனாருக்கும், எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்து இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது அவர்களுக்கான பதில்களைத்தான் என்பது தெரிகிறது. ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன ஒரு விஷயத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

உங்கள் மகன் எலுமிச்சை சாதத்தை மறைத்துச் சாப்பிடுகிறான்.

நூடுல்ஸை மறைத்திருந்தால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். யாராவது கேலி செய்திருப்பார்கள், அல்லது பள்ளியில் கொண்டுவரக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். யாரும் குறை சொல்லவே முடியாத சாப்பாட்டை ஏழு வயதுப் பையன் ஏன் மூடிக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டும்? ‘அதை ஏன் அவன் மறைக்கப் போகிறான்?’ என்று மிஸ் மீதிருந்த கோபத்தில் நீங்களே கேட்டிருக்கிறீர்கள். கடிதத்திலேயே மிக முக்கியமான கேள்வி அதுதான். பதிலும் உங்கள் கடிதத்திலேயே, சில வரிகள் தள்ளி இருக்கிறது.

தினமும் ராத்திரி போன் வருகிறது. ‘என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டவுடன் அவன் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறான் என்று நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? உங்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பான். அதில் இருக்கும் பதற்றத்தைப் பார்த்த பிறகுதான் ‘தோசை’ என்கிறான். எது நல்ல சாப்பாடு, எது கெட்டது என்றெல்லாம் பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரியாது. சாப்பாட்டைப் பற்றி யாராவது கேட்டால் அம்மாவுக்கு ஆபத்து என்பது மட்டும்தான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் மூடுகிறான்.

தேங்காய்ச் சட்னியை நீங்கள் சமர்த்தில் சேர்த்துவிட்டீர்கள். நான் அப்படிச் சேர்க்க மாட்டேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த பொய் போதாது, ஆச்சி நம்பமாட்டார் என்று அவன் தானாகவே யோசித்திருக்கிறான். உங்களைக் காப்பாற்றுகிற வேலையை அவன் கையில் எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆகிவிட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய பாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் எத்தனையோ பேர் வருகிறார்கள். எல்லோரும் உங்களைப் பற்றியே பேசுகிறார்கள்: நீங்கள் எப்படிப்பட்ட மருமகள், எப்படிப்பட்ட அம்மா என்று. உங்கள் மகனை நேராகப் பார்த்து, அவன் என்ன செய்கிறான் என்று சொன்னவர் அந்த மிஸ் ஒருவர்தான். நாற்பது பிள்ளைகள் சாப்பிடுகிற சத்தத்துக்கு நடுவில், ஒருவன் மூடிக்குப் பின்னால் குனிந்திருப்பதைக் கவனித்து, மெனக்கெட்டு டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். டிபனில் என்ன இருந்தது என்று அவர் ஒரு வார்த்தை எழுதியதாகத் தெரியவில்லை. அவர்மீது உங்களுக்கு அளவில்லாத கோபம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கோ ‘வேறு வேலை இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பு. உங்களைப் பற்றி மற்றவர்கள் பேசினால் எப்படி வலிக்கிறதோ, அதே தொனியில்தான் நீங்களும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

சரி, நூடுல்ஸுக்கு வருகிறேன். அதையும் நேர்மையாகப் பேசிவிடுவோம். உங்கள் மாமியார் சொல்லும் தடை உண்மைதான். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸில் அளவுக்கு மேல் ஈயம் இருப்பதாகச் சொல்லி நாடு முழுக்கத் தடை செய்தார்கள். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, நவம்பரில் அது மறுபடி கடைக்கு வந்தது. அந்தப் பாதிக் கதைதான் இன்னும் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் பிள்ளைக்கு விஷம் கொடுக்கவில்லை. அதே சமயம், தினமும் காலையில் கொடுக்கிற சாப்பாடும் அது இல்லை. பெரும்பாலும் மைதா, அதுவும் எண்ணெயில் பொரித்து எடுத்தது, நார்ச்சத்து குறைவு. ஒரு சின்ன பாக்கெட்டிலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு போய்விடுகிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் சர்க்கரை ரிசல்ட்டுகளைக் கையில் வாங்கிப் பார்க்கிற உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. யார் சொல்லியும் வராத பயம் உங்களுக்கே உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன். தூக்கம் வராததற்கு அத்தையின் போன் மட்டும் காரணமாக இருக்காது.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நூடுல்ஸ் இருக்கட்டும், மசாலா பாக்கெட்டில் பாதி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி. மற்ற நாள்களில் வாழைப்பழம், அவித்த முட்டை, முந்தின நாள் சாதத்தில் தயிர். கடை மாவு வாங்குவதைப் பற்றி ஒரு நொடிகூடக் கூச்சப்படாதீர்கள். 1950-களில் கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்ய ஆரம்பித்தார்கள். ஆட்டுக்கல்லில் ஆட்டிய ருசி வருமா என்று அப்போதும் மாமியார்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2011-ல் அரசாங்கமே மிக்சி, கிரைண்டர் இலவசமாகக் கொடுத்தது. இன்று உங்கள் மாமியார் வீட்டில் ஆட்டுக்கல் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது, நீங்களும் கேட்கவேண்டாம். அல்வா, மிக்சர் விஷயமும் அப்படித்தான். கடையில் வாங்கிய இனிப்பு பாசம், கடையில் வாங்கிய சப்பாத்தி அலட்சியம் என்பதில் நியாயம் இல்லை என்று நீங்கள் நினைப்பது சரி. வாதத்துக்கு நல்ல வாதம், ஆனால் அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனால் அடுத்த ஆறு மாதத்துக்கு அல்வாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அம்மா கையால் சாப்பிட்டால்தான் பிள்ளை தேறும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்தலாம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. விடிந்ததும் வேலைக்குக் கிளம்புகிற பெற்றோரின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அங்கே உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிடுகிறார்கள். அந்த அம்மாக்களுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

வேலையை விடுவதைப் பற்றி: வேண்டாம். இந்தக் காரணத்துக்காக நிச்சயமாக வேண்டாம். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் சுடச்சுடப் போட்டாலும், அவன் மூடியை நிமிர்த்தி வைத்துச் சாப்பிடுவது அதனால் நிற்காது.

நீங்கள் நிறுத்த வேண்டியது அந்தப் பொய்யைத்தான், அதுவும் இன்றைக்கே. அதற்குப் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், அவன் பயந்துவிடுவான். சாதாரணமாக, தலை வாரிவிடும்போது, ‘இனிமே ஆச்சி கேட்டா என்ன சாப்ட்டியோ அதையே சொல்லு. ஆச்சி ஏதாவது சொன்னா அம்மா பேசிக்கிறேன், அது உன் வேலை இல்ல’ என்று சொல்லுங்கள். கடைசி நான்கு வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அன்று ராத்திரி அவன் நூடுல்ஸ் என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் உங்களை நம்புவதா என்று முடிவு செய்வான். மாமியார் இரண்டு வார்த்தை சொல்லத்தான் செய்வார். அதை நீங்கள் முகம் வாடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘ஆமாம் அத்தை, இன்னைக்கு நூடுல்ஸ்தான்’ என்று முதலில் நீங்களே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மறைக்க ஒன்றுமில்லை என்றால் அவர் கீழ்வீட்டுக்குப் போன் போடவும் காரணம் இருக்காது. முதல் சில நாள் பையன் பழக்கதோஷத்தில் ‘தோசை’ என்று ஆரம்பிக்கலாம். திருத்தாதீர்கள், சும்மா இருங்கள், தானாக மாறுவான்.

உங்கள் கணவரைப் பற்றி, ‘நல்லவர், எதிலும் தலையிட மாட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். போன் பண்ணுகிறவர் அவருடைய அம்மா. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வருகிற வாரத்தில் பிள்ளைக்கு ஒரு தோசை ஊற்ற அவருக்கும் கை இருக்கிறது. ‘உன் மருமகளைக் கேட்காதே, என்னைக் கேள்’ என்று அவர் அம்மாவிடம் ஒருமுறை சொன்னால், நீங்கள் இத்தனை பக்கம் எழுதியிருக்க வேண்டியதில்லை. இதை ஏன் யாருமே, நீங்கள் உட்பட, அவரிடம் கேட்கவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மூன்று, நான்கு வாரம் பாருங்கள். அதன் பிறகும் அவன் ஒளித்துச் சாப்பிட்டாலோ, டிபன் அப்படியே திரும்பி வந்தாலோ, எடை குறைந்தாலோ, குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவரிடம் நேரில் அழைத்துப் போங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே அரை நாள் லீவு போட்டு அந்த மிஸ்ஸைப் போய்ப் பாருங்கள். எலுமிச்சை சாதத்துக்காக வாதாடப் போகாதீர்கள், டிபனைப் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டாம். மதியம் அவன் யார் பக்கத்தில் உட்காருகிறான் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.