மலையில் இரவுத் தங்கல் திடீரெனக் கலைந்தால்: கேள்வி பதில்

மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டியில்) ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளைச் சுற்றுபவர்களிடம், இரவு தங்கிய இடத்தில் எதிர்பாராமல் நேர்ந்த இடைஞ்சல்களைக் கேள்விகளாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளத்தாக்கில் ஓடைக்கரையில் அருமையான புல்வெளி கிடைத்தது. வானம் நிறைய நட்சத்திரம். பதினொரு மணிக்கு ஊர்க்காரர் ஒருவர் கதவைத் தட்டி, "மேலே இடி இடிக்கிறது, கிளம்புங்கள்" என்றார். கிளம்பினோம், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. வீணாகப் பயமுறுத்திவிட்டாரா?

இல்லை. அவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார். மலை ஓடையைப் பொறுத்தவரை நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்கிறதா என்பது கணக்கே இல்லை. பல கிலோமீட்டர் மேலே என்ன பெய்கிறது என்பதுதான் கணக்கு.

1996 ஆகஸ்ட் 7 மாலை, ஸ்பெயினில் பிரனீஸ் மலையில் உள்ள பியெஸ்காஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகாம் மைதானத்தைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 87 பேர் இறந்தார்கள். அந்த மைதானம் இருந்தது ஓடையின் விசிறி நிலத்தில். குறுகிய இடுக்கிலிருந்து வெளியே வரும் ஓடை, காலங்காலமாகத் தான் உருட்டி வந்த கல்லையும் மண்ணையும் விரித்த கைபோலப் பரப்பி வைத்த இடம் அது. மலையில் சமதளம் கிடைப்பது அரிது என்பதால் நம் கண்ணுக்கு அதுதான் முதலில் பிடிக்கும். சமதளம், நிழல், தண்ணீர்ச் சத்தம் எல்லாம் இருக்கும். ஆனால் அந்தச் சமதளத்தை உண்டாக்கியதே வெள்ளம்தான்.

அதனால் வண்டியை நிறுத்தியதும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். பாசி பிடிக்காத பெரிய கற்கள் கிடக்கின்றனவா? புதரில் இடுப்பு உயரத்துக்குக் குச்சியும் சருகும் சிக்கியிருக்கின்றனவா? மரங்களில் ஓடை வரும் பக்கம் மட்டும் பட்டை உரிந்திருக்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் வேறு இடம் பாருங்கள். நீர்மின் அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில் மழையே தேவையில்லை. அணையைத் திறந்தால் நல்ல வெயிலிலும் தண்ணீர் திடீரென்று ஏறும். கரையில் அதற்கென எச்சரிக்கைப் பலகை இருந்தால் அங்கே தங்கவே வேண்டாம்.

கேள்வி: அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பி முடிக்க அரை மணி நேரம் ஆகிவிட்டது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

எனக்கும் ஒருமுறை இதே கதிதான். இரவு இரண்டு மணி, கொட்டும் மழை. வண்டியின் முகம் மலைச்சுவரைப் பார்த்து நின்றது. ஓட்டுநர் இருக்கை உள்பக்கம் திரும்பியிருந்தது, அதன் மேல் துணி மூட்டை. கண்ணாடித் திரையைக் கழற்றி, இருக்கையைத் திருப்பி, சாவியைத் தேடி எடுப்பதற்குள் கை நடுங்கிவிட்டது. குழந்தைகள் அழுதார்கள்.

அன்றிலிருந்து முகம் எப்போதும் வெளியேறும் வழியைப் பார்த்தே நிற்கும். படுக்கும் முன் ஓட்டுநர் இருக்கை நேராக, காலியாக இருக்க வேண்டும். சாவி ஒரே ஆணியில். நாற்காலி, மேசை, வெளிப்பந்தல் எல்லாம் இருட்டும் முன் உள்ளே. அப்புறம், பகலிலேயே கீழே பள்ளத்தாக்கில் இரண்டாவது இடம் ஒன்றைப் பார்த்து வரைபடத்தில் குறித்துவிடுவேன். இரவில் இடம் தேடி மலைப்பாதையில் அலைவது, விட்டு வந்த இடத்தைவிட ஆபத்தாகிவிடும்.

கேள்வி: செப்டம்பர் மாதம், காலையில் எழுந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாயங்காலம்தான் தொட்டியை நிரப்பினேன். வண்டிக்கு அடியில் ஈரம். தொட்டி உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பல வண்டிகளில் வெந்நீர்க் கொதிகலனுக்கு உறைபனிப் பாதுகாப்பு வால்வு இருக்கும். வால்வு இருக்கும் இடத்தில் வெப்பம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து, கொதிகலன் நீரை வெளியே விட்டுவிடும். அந்த நேரம் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் தொட்டித் தண்ணீரும் சேர்ந்து போகும். உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 16 டிகிரி இதமாக இருந்த அதே இரவில், 2,000 மீட்டர் மேலே 3 டிகிரிதான். ஹீட்டரைக் குறைந்த அளவில் ஓடவிடுங்கள், படுக்கும்போது பம்பை அணையுங்கள்.

கேள்வி: அதே மாதிரி ஒரு காலையில் அடுப்பு பற்றவில்லை. சிலிண்டரில் பாதிக்கு மேல் எரிவாயு இருந்தது.

உள்ளே இருந்தது பியூட்டேனாக இருக்கும். பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். மலைக்குப் போனால் புரொப்பேன் வாங்குங்கள். சிலிண்டரை நெருப்பில் காட்டிச் சூடாக்க யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். குளிருக்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் இல்லாத வண்டியில் நான் குழந்தைகளைப் படுக்க வைக்க மாட்டேன்.

கேள்வி: கணவாய்க்குப் பக்கத்தில் தங்கினோம். காலையில் பார்த்தால் சைக்கிள் பந்தயத்துக்காகச் சாலையை மூடிவிட்டார்கள். மாலை வரை நகர முடியவில்லை.

மே மாதம் இத்தாலியில் ஜிரோ டி இத்தாலியா, ஜூலையில் பிரான்சில் டூர் டி பிரான்ஸ் என்று பெரிய சைக்கிள் பந்தயங்கள் நடக்கும். இந்த இரண்டின் பாதையையும் பல மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். மலையேற்றக் கட்டங்களில் பந்தயம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே பாதையை அடைப்பார்கள். பார்வையாளர்களின் மோட்டார்ஹோம்கள் சில நாள் முன்னாலேயே ஓரத்தில் இடம்பிடித்திருக்கும். சிறிய நிகழ்ச்சிகளும் உண்டு. சைக்கிள்காரர்களுக்கு மட்டும் என்று கணவாயைச் சில மணி நேரம் ஒதுக்கிவிடுவார்கள். கணவாய் ஏறும் இடத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும், தாண்டிப் போகும்போது நின்று படித்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் சண்டை போடாதீர்கள். அந்த ஒரு நாளைப் பந்தயம் பார்க்கச் செலவழித்தவர்கள் யாரும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை.

கேள்வி: இடி மின்னலில் மோட்டார்ஹோம் பாதுகாப்பா?

வெளிச்சுவர் உலோகம் என்றால் ஓரளவு நிம்மதி. கண்ணாடியிழைச் சுவர் மின்னலைத் தடுக்காது. அப்படிப்பட்ட வண்டியில், இரும்புக்கூடு உள்ள முன்பக்க ஓட்டுநர் அறைக்குப் போய் உட்காருங்கள். வெளி மின்சாரக் கேபிளைப் புயல் நெருங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால் வெளியே இறங்க வேண்டாம்.

கேள்வி: தங்கிய இடத்திலிருந்து நள்ளிரவில் கிளம்பச் சொன்னதால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். பாதியில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை.

பதற்றத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். மூன்றரை டன் எடை அது. இறங்க ஆரம்பிக்கும்போதே இரண்டாவது கியருக்கு வந்து எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விடுங்கள். பிரேக்கை அழுத்தமாகக் கொஞ்ச நேரம் மிதித்து, முழுதாக விட்டுவிடுங்கள். வாடை வந்தால் சமமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, டயருக்குக் கட்டை கொடுத்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிந்து சுருங்கி விரிசல் விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரமே கொதிக்கும். பழைய ஆயில் இருந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் வண்டி ஆடியது. நிலநடுக்கம் என்று நினைத்து ஓடினோம். பார்த்தால் பசுக்கள் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன!

மேய்ச்சல் நிலத்தில் இது சகஜம். பக்கக் கண்ணாடிகளை மடக்கி வையுங்கள், சைக்கிளைப் பின்னால் தொங்கவிடாமல் உள்ளே வையுங்கள். பசுவை விரட்ட வேண்டாம், கன்று பக்கத்தில் இருந்தால் முட்டும். ஆட்டு மந்தை என்றால் கூடவே பெரிய வெள்ளைக் காவல் நாய் இருக்கும். அது குரைத்தால் ஓடாமல், கையை நீட்டாமல், மெதுவாக வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள். மந்தை நகர்ந்ததும் நாயும் போய்விடும்.