கேளுங்கள் கணக்கை: டொமைன் எங்கே போனது?

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன். எங்கள் பயிற்சிக் கணக்கில் மூல வளையம் (கூட்டல், கழித்தல், பெருக்கல் செய்யக்கூடிய அமைப்பு) டொமைன். அதாவது, அதில் பூஜ்ஜியமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூஜ்ஜியம் வராது. அதன் ஓர் ஐடியலை (தனக்குள் கூட்டினாலும், வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் வெளியே போகாத உட்கணம்) வைத்துக் கட்டிய ரீஸ் அல்ஜீப்ராவும் டொமைன். ஆனால் அதே ஐடியலின் அசோசியேட்டட் கிரேடட் ரிங் டொமைன் இல்லை என்கிறார்கள். எப்படி?
(ஒரு மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: ரீஸ் அல்ஜீப்ரா எதையும் தூக்கி எறிவதில்லை. முழு வளையம், ஐடியல், அதன் வர்க்கம், கனம் என்று எல்லா அடுக்குகளையும் வைத்துக்கொண்டு, எது எந்த அடுக்கு என்று தெரிய ஒரு மாறியை மட்டும் ஒட்டிவிடுகிறது. ஆகவே அது மூல வளையத்தின் மேல் அமைந்த பல்லுறுப்புக்கோவை வளையத்துக்குள் ஓர் உள்வளையம். மூலம் டொமைன் என்றால் இதுவும் டொமைன். அவ்வளவுதான்.

அசோசியேட்டட் கிரேடட் ரிங்கோ ஒவ்வொரு அடுக்கையும் அதற்கு அடுத்த அடுக்கால் வகுத்துவிடுகிறது. வில்லங்கமே அங்கேதான். பெருக்கிய விடை நாம் எதிர்பார்த்ததைவிட ஆழமான அடுக்கில் போய் விழுந்தால், பூஜ்ஜியம் என்றுதான் பதிவாகும்.

போட்டுப் பாருங்கள். டி², டி³ இரண்டாலும் உண்டாகும் அடுக்குத்தொடர் வளையத்தை எடுங்கள். டி மட்டும் அதில் கிடையாது. மாறிலி உறுப்பு இல்லாத தொடர்கள்தான் நம் ஐடியல். அதன் வர்க்கம் டி⁴-இல் தொடங்குகிறது. டி³ ஐடியலில் இருக்கிறது, வர்க்கத்தில் இல்லை. எனவே முதல் படியில் அது பூஜ்ஜியமல்ல. அதை அதனாலேயே பெருக்கினால் டி⁶. இது இரண்டாம் படியில் உட்கார வேண்டியது. ஆனால் டி²-ஐ மூன்று முறை பெருக்கினாலும் டி⁶ தானே! அப்படியானால் அது ஐடியலின் கனத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் படியில் பூஜ்ஜியம்.

எக்ஸ் = டி², ஒய் = டி³ என்று வைத்தால், வரைபடத்தில் இது ஒய்² = எக்ஸ்³ என்ற வளைவு. ஆதிப்புள்ளியில் கூர்முனை, அங்கே தொடுகோடு ஒரே கோடுதான், ஆனால் இரட்டையாக. அந்த இரட்டிப்பைத்தான் நம் பூஜ்ஜியம் காட்டிக்கொடுக்கிறது. ஒய்² = எக்ஸ்²(எக்ஸ்+1) வளைவுக்குப் போட்டால் இரண்டு தனித்தனிக் கோடுகள் வரும். பாடப்புத்தகங்கள் இதைக் கடைசிப் பயிற்சியில் தள்ளுவது எனக்குப் பிடிப்பதில்லை. முதலில் சொல்ல வேண்டிய உதாரணம் இது.

சரி, எதிர்த்திசையில் போனால்? நோத்தேரியன் லோக்கல் வளையத்தில் (ஒவ்வொரு ஐடியலும் முடிவுறு எண்ணிக்கை உறுப்புகளால் உண்டாகும், மீப்பெரு ஐடியல் ஒன்றே ஒன்று இருக்கும்) கிரேடட் ரிங் டொமைன் என்றால் மூலமும் டொமைன். பூஜ்ஜியமல்லாத உறுப்பு எதுவும் ஐடியலின் எல்லா அடுக்குகளிலும் இருக்க முடியாது. இது குரூலின் வெட்டுத் தேற்றம். எனவே பூஜ்ஜியமல்லாத எந்த இரண்டு உறுப்புகளை எடுத்தாலும், அவை இருக்கும் கடைசி அடுக்கு என்று தலா ஒன்று உண்டு. அந்தப் படிகளில் அவை விட்ட தடங்களின் பெருக்கல் பூஜ்ஜியமில்லை என்றால், உறுப்புகளின் பெருக்கலும் பூஜ்ஜியமில்லை.

கேள்வி: ரீஸ் என்பவர் யார்?
(அதே மாணவி)

பதில்: டேவிட் ரீஸ், 1918-இல் வேல்ஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த குழுவில் இருந்தார். முதலில் அரைக்குலங்களில் (சேர்ப்பு விதிக்கு உட்பட்ட ஒரே ஒரு பெருக்கல் மட்டும் கொண்ட அமைப்புகள்) வேலை செய்துவிட்டு, அப்புறம்தான் பரிமாற்று வளையங்களுக்கு வந்தார். பின்னர் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2013-இல் காலமானார். மேலே சொன்ன குரூல் தேற்றத்தை ஆர்ட்டின்–ரீஸ் லெம்மாவிலிருந்து சில வரிகளில் வருவித்துவிடலாம். அதையும் எழுதிப் பாருங்கள்.