கண்ணுக்குள் போடும் ஊசி ஏன் ஒன்றோடு முடிவதில்லை?

கேள்வி: என் தாயாருக்கு 61 வயது. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. வலது விழித்திரையில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி, மாதம் ஒன்றாகக் கண்ணுக்குள் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஊசியிலேயே பார்வை தெளிந்துவிட்டது. மேலும் போடத்தான் வேண்டுமா? சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதாதா?

பதில்: அடுத்த ஊசியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பார்வை தெளிந்ததற்குக் காரணம் நீர் வடிந்தது. நீரைக் கசியவைத்த காரணம் அப்படியே இருக்கிறது.

உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. பல ஆண்டுகள் உயர்ந்திருக்கும் சர்க்கரை அதன் மெல்லிய ரத்தநாளங்களைச் சிதைத்து, சிலவற்றை அடைத்தும் விடுகிறது. ரத்தம் கிடைக்காத பகுதி, புதிய நாளங்கள் வேண்டும் என்று ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. அப்படியொரு பொருள் இருக்க வேண்டும் என்று கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன் 1948-லேயே ஊகித்தார். வி.இ.ஜி.எஃப். எனப்படும் ரத்தநாள வளர்ச்சிக் காரணி 1989-ல் அடையாளம் காணப்பட்டது; 1994-ல் சர்க்கரை நோயாளிகளின் கண்நீர்மத்தில் அது மிகுந்திருப்பது அளந்து காட்டப்பட்டது. இந்தப் புரதம், ஏற்கெனவே உள்ள நாளங்களின் சுவரைத் தளர்த்திக் கசியவிடுகிறது. எளிதில் உடைந்து ரத்தம் கசியும் புதிய நாளங்களையும் முளைக்கவைக்கிறது. விழித்திரைச் சிரை அடைப்பிலும், முதுமையில் வரும் ஈரவகை மாக்குலா (விழித்திரையின் மையப்பகுதி) சிதைவிலும், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயிலும் பெரும்பங்கு வகிப்பது இதே காரணிதான்.

விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் எடுத்த தாயாரின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடுவில் மெல்லிய பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாக உப்பி, அடுக்குகளுக்கிடையே கருநிறக் குமிழ்கள் தெரியும். அவைதான் கோத்த நீர். 0.05 மில்லி அளவே செலுத்தப்படும் மருந்து வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பற்றிப்பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் சில வாரங்களில் மருந்து கரைந்துபோகும். அடைபட்ட நாளங்கள் திறப்பதில்லை. எனவே காரணி மீண்டும் சுரக்கும். முதல் ஆண்டில் எட்டு, ஒன்பது ஊசிகள்கூடத் தேவைப்படலாம். விடாமல் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது என்பதை ஆறுதலாக அவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக் கட்டுப்பாடு இன்றியமையாதது. ஆயினும் அது மேற்கொண்டு சேதம் ஏற்படுவதைத் தாமதப்படுத்துமே தவிர, ஏற்கெனவே கோத்திருக்கும் நீரைச் சில மாதங்களில் வற்றச் செய்யாது. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் உடன் கவனிக்க வேண்டும். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சிலருக்கு இந்த வீக்கத்தை அதிகமாக்கக்கூடும் என்பதால், அவர் அதை எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செலவு தடையாக இருந்தால் வெளிப்படையாகப் பேசுங்கள். 2015-ல் வெளியான அமெரிக்க ஒப்பாய்வில், பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு விலை குறைந்த பெவாசிசுமாப் ஊசி, அஃப்லிபெர்செப்ட், ரானிபிசுமாப் ஆகிய மற்ற இரு ஊசி மருந்துகளுக்கு ஈடாகப் பார்வையை மேம்படுத்தியது. 6/15 (இயல்பான கண் 15 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதற்கும் மோசமான பார்வையுடன் தொடங்கியவர்களுக்கு முதல் ஆண்டில் அஃப்லிபெர்செப்ட் கூடுதல் பலன் தந்தது. சில ஊசிகளுக்குப் பிறகும் நீர் வற்றாவிட்டால், அழற்சியும் ஆஞ்சியோபொய்ட்டின்-2 என்ற இன்னொரு காரணியும் பங்குகொள்வதாகக் கருதி, ஸ்டீராய்டு அல்லது வி.இ.ஜி.எஃப்., ஆஞ்சியோபொய்ட்டின்-2 இரண்டையும் தடுக்கும் ஃபாரிசிமாப் மருந்து பற்றி மருத்துவர் யோசிப்பார்.

புதிய நாளங்கள் முளைத்திருந்து, தவறாமல் வர இயலாத நிலை என்றால், லேசர் சிகிச்சையைக் கேளுங்கள். ஊசியை மட்டும் நம்பி இடையில் வராமல் போனவர்கள் பார்வையை இழந்து திரும்புவதைப் பார்ப்பது எனக்குப் பெரும் வேதனை.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி, சிவப்பு, மங்கல் கூடினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இடது கண்ணையும் பரிசோதித்தார்களா என்று கேட்க மறவாதீர்கள்.